இதுவரை யாரும் சாகாத சபை

தண்ணீர் ஏறுகிறதா இல்லையா என்று இந்தத் தொட்டியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. உள்ளேயும் நீலம், வெளியேயும் நீலம், தார்ப்பாயில் ஒரு சுருக்கம் தண்ணீருக்குள் போனால்தான் ஏறியிருக்கிறது என்று அர்த்தம், அந்தச் சுருக்கத்தையே வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அது அப்படியே கிடக்கிறது, அல்லது நான் வேறு சுருக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கரியால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கலாம். யார் போட்டிருக்க வேண்டும் என்று கேட்டால் நான்தான். இந்தச் சபையில் யாரும் செய்யாமல் விட்டதெல்லாம் போன மாதத்திலிருந்து என் தலையில்தான் விடிகிறது, ஏனென்றால் நான் இப்போது ஸ்டாஃப், நிர்வாகப் பொறுப்பாளர், கழுத்தில் தொங்கும் அட்டையில் ‘கெத்சி, உங்களுக்கு உதவக் காத்திருக்கிறேன்’ என்று போட்டிருக்கிறது. காத்திருக்கிறேன் என்பது உண்மை. சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்டும் சாப்பிடாமலும் வந்து, பிளாஸ்டிக் நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, தண்ணீருக்குக் காத்திருக்கிறேன். இது மீன் வளர்க்கிறவர்கள் வாங்குகிற தொட்டி. சுற்றிலும் இரும்பு வலை, உள்ளே தார்ப்பாய், பாஸ்டர் சுதர்சன் எதையோ தேடப்போய் இதைக் கண்டுபிடித்து வரவழைத்துவிட்டார். ஞானஸ்நானம் என்றால் இதுவரை தாமிரபரணிக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம், நான் எடுத்ததும் ஆற்றில்தான், ஆனால் ஆற்றில் வெளிச்சம் சரியில்லையாம், போன தடவை நேரலையில் குறுக்கே ஒரு எருமை வந்துவிட்டதாம், அதனால் தொட்டி. தொட்டி வந்தது சரி, தண்ணீர் லாரி வந்தது, லாரி உள்ளே வரவில்லை, ஏனென்றால் வாசலில் போன வாரம்தான் ‘வாருங்கள்’ என்று ஒரு வளைவு நட்டிருக்கிறார்கள், அது லாரியின் தலைக்கு இடிக்கிறது. லாரிக் குழாய் வாசல் மட்டும்தான் எட்டும். மீதி தூரத்துக்குச் செடிக்கு ஊற்றுகிற பச்சைக் குழாயைச் சேர்த்துக் கட்டியிருக்கிறோம், அதன் வழியாக வருகிற தண்ணீரை வருகிறது என்று சொல்வதே பெரிய வார்த்தை. லாரி ஓட்டுகிற இசக்கி இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தான், ‘யக்கா, மீன் குஞ்சு எப்பம் விடுதீக?’ என்று கேட்டான், நாளைக்குக் காலையில் என்றேன், என்ன மீன் என்றான், பிறகு போய் வண்டிக்குள் படுத்துத் தூங்கிவிட்டான். நாளைக் காலையில் இதில் இறங்கப் போகிறவர்களில் என் அம்மாவும் ஒருத்தி என்று லாரிக்காரனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. சபையிலேயே இதைப் பற்றி இன்னும் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

அம்மா இதில் இறங்கக் கூடாது. இறங்கினால் அவளுக்கு அப்பா பக்கத்தில் இடம் கிடையாது. இவ்வளவுதான் விஷயம், இதைப் புரிந்துகொள்ள பெரிய வேதபண்டிதராக இருக்க வேண்டியதில்லை. எங்களுடைய பழைய சபையில், நாங்கள் அதைக் கோயில் என்றுதான் சொல்வோம், குருவானவரை ஐயர் என்போம், கைக்குழந்தையாக இருக்கும்போதே நெற்றியில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். பிறகு வளர்ந்து, அது செல்லாது என்று சொல்லாமல் சொல்கிற மாதிரி இன்னொரு இடத்தில் போய் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தால், கோயிலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். பெயர் போனால் போகட்டும், பெயரோடு சேர்ந்து கல்லறைத் தோட்டத்தில் இடமும் போய்விடும். எவ்வளவு பெரிய மனுஷனாக இருந்தாலும் சரி, கோயிலுக்குச் சுவர் கட்டிக் கொடுத்தவனாக இருந்தாலும் சரி, மறு ஞானஸ்நானம் எடுத்தவனுக்கு அந்தத் தோட்டத்துக் கதவு திறக்காது. என் பெயரை அப்படித்தான் எடுத்தார்கள். ஐயரே வீட்டுக்கு வந்து நயமாகச் சொன்னார், அம்மாதான் காப்பி போட்டுக் கொடுத்தாள், எனக்குச் சிரிப்பு வந்தது, எடுத்தா எடுத்துக்கிடுங்க ஐயரே என்றேன், சீனி போதுமா என்று அம்மா கேட்டாள். எனக்கு அது ஒரு நஷ்டமாகவே படவில்லை. ஆனால் அப்பா அங்கே கிடக்கிறார். அவருக்கு வலதுபக்கம் ஒரு ஆள் அளவு மண் அம்மாவுக்கென்றே விட்டுக் கிடக்கிறது, அதில் வேறு யாரையும் வைக்கக்கூடாது என்று அடக்கத்தன்றைக்கே பேசி வைத்தது. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் விடியும் முன்னே எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ஆராதனை நடத்துவோமே, அப்போது அம்மா அப்பாவின் இடத்தைக் கூட்டிப் பெருக்கி மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு, பக்கத்தில் தன் இடத்தில்தான் காலை நீட்டி உட்காருவாள், ஃபிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் குடிப்பாள், ‘இங்கன காத்து நல்லா வருதுட்டி’ என்பாள். தன் இடத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறவளை அந்த இடத்திலிருந்து கிளப்பிவிடுவதற்குத்தான் நான் இப்போது தொட்டி நிரப்பிக்கொண்டிருக்கிறேன். என் கையாலேயே. என்ன வேலைடா இது.

வேலையைப் பற்றிக் குறை சொன்னால் நன்றிகெட்டவள் என்பார்கள். நான் கல்லூரி அலுவலகத்தில் பல வருஷம் இருந்தவள், அங்கே ஒரு சாவி தொலைந்தால் யார் கையில் கடைசியாக இருந்தது என்று தெரியும். இங்கே சாவி தொலைந்தால் பாட்டுப் பாடுவார்கள். முன்னால் இது டைல்ஸ் கடையாக இருந்த இடம். குளியலறைச் சாமான் எல்லாம் விற்ற கடை. சுவரெல்லாம் மாதிரிக்கு ஒட்டிய டைல்ஸ் இன்னும் அப்படியே இருக்கிறது, பிரசங்க மேடைக்குப் பின்னால் டால்பின் துள்ளுகிறது, தாய்மார்கள் உட்காருகிற பக்கம் திராட்சைக் குலை. என் மேஜைக்கு எதிரே கண்காட்சிக்கு வைத்த மூன்று கை கழுவும் பேசின்கள் உண்டு, அவற்றுக்குக் குழாய் இணைப்பு கிடையாது, அதில் கை கழுவப் பார்த்தவர்களும் உண்டு, டீ குடித்த கப்பைப் போடுகிறவர்களும் உண்டு, வாரத்துக்கு ஒருதரம் அதை அள்ளுகிறவள் நான். இவற்றைக் கழற்றி எடுத்துவிடலாமா என்று பாஸ்டரிடம் கேட்டேன். ஜெபிச்சுட்டுச் சொல்றேன் சிஸ்டர் என்றார். பேசினைக் கழற்ற எதற்கு ஜெபம்? இங்கே யாரும் எதற்கும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள், ஆகட்டும் என்றும் சொல்ல மாட்டார்கள், ஜெபித்துவிட்டுத்தான் சொல்வார்கள், பிறகு சொல்ல மாட்டார்கள். நான் வந்த புதிதில் அதை நம்பினேன், உண்மையாகவே ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள், பதில் வரும் என்று காத்திருந்தேன், கல்லூரியில் ஃபைல் மேலே போயிருக்கிறது என்று காத்திருக்கிற மாதிரி. பாஸ்டர் எதையும் எழுதிக் கேட்கவும் மாட்டார், வண்டி ஓட்டிக்கொண்டே குரலில் பேசி அனுப்புவார், நடுவில் ஹாரன், நடுவில் வழிவிடுங்கண்ணே, கடைசியில் ஆமென். அதில் வேலை எது ஆசீர்வாதம் எது என்று பிரித்தெடுக்கவே எனக்குப் பாதி நாள் போய்விடுகிறது. இவ்வளவும் சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும், எனக்கு இந்தச் சபையைப் பிடிக்கும். அப்பா போன பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை கோயிலில் போய் உட்கார்ந்து எழுந்து வந்தேன், ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இங்கே முதல் நாள் ஒரு பிள்ளை, இருபது வயது இருக்கும், எப்படிக்கா இருக்கீங்க என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும்வரை நின்றது. நான் அழுது முடிக்கும்வரையும் நின்றது. பிடிக்கும் என்பதால்தான் இவ்வளவு கோபம் வருகிறது. பிடிக்காத இடமாக இருந்தால் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

குழாய் வாயை ஒரு செங்கல்லால் அழுத்தி வைத்தேன், அது நழுவி வெளியே ஊற்றியிருக்கிறது, என் செருப்பும் முந்தானையும் நனைந்த பிறகுதான் தெரிகிறது. மறுபடி வைத்தாயிற்று. உள்ளே டிரம்ஸ் ஆரம்பித்துவிட்டது, நாளைய ஆராதனைக்கு ஒத்திகை, அந்தப் பையனுக்கு மெதுவாக அடிக்க வராது, திருவிருந்துப் பாட்டுக்கும் கபடிப் போட்டி நடக்கிற மாதிரிதான் அடிப்பான். எங்கே விட்டேன். கல்லறை. பாஸ்டரிடம் கேட்டேன், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளிலேயே கேட்டேன், அம்மா பெயர் கொடுப்பதற்கு முன்னாலேயே. நம்ம சபைக்குக் கல்லறைத் தோட்டம் எங்கே இருக்கிறது பிரதர் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு சிரித்தார், ‘நம்ம சபையில இன்னும் யாரும் சாகலையே சிஸ்டர்’ என்றார். சொல்லிவிட்டு அவருக்கே அது ஏதோ வெளிச்சம் வந்த மாதிரி முகம் மாறியது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இந்த முகம் ஞாயிற்றுக்கிழமை மேடையில் வரும் என்று. வந்தது. ‘சபை ஆரம்பிச்சு இந்த நாள் மட்டும் நம்மள்ல ஒரு துக்க வீடு கிடையாது! ஒரு மரணம் கூட நம்ம வாசல மிதிக்கல! கரங்களைத் தட்டிக் கர்த்தரை மகிமைப்படுத்துங்க!’ அவ்வளவு பேரும் தட்டினார்கள். சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். எனக்கு முன் வரிசையில் ஒரு கர்ப்பிணி தட்டினாள். சபை முழுக்க முப்பதும் முப்பத்தைந்துமாக இருக்கிறவர்கள், வாரம் ஒரு பெயர் சூட்டு, மாசம் ஒரு கல்யாணம், இவர்கள் சாகாமல் இருப்பது அற்புதமா? முப்பது வயசுக்காரன் சாகாததற்குக் கை தட்டுகிற ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வண்டி நிறுத்த ஒரு குழு வைத்திருக்கிறார்கள், காப்பிக்கு ஒரு குழு, பிள்ளைகளுக்கு டயப்பர் மாற்ற திரை போட்ட ஒரு மூலை, எல்லாம் யோசித்தார்கள், செத்தால் எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதை மட்டும் ஒருத்தரும் யோசிக்கவில்லை. தட்டுகிற கைகளுக்கு நடுவில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளும் தட்டினாள். எழுபது வயதில், அந்தக் கூட்டத்திலேயே மூத்தவள், தட்டிவிட்டுச் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். ஆராதனை முடிந்து நான் கப்புகளை அள்ளிக்கொண்டிருந்தபோது அவள் நேரே பாஸ்டரிடம் போய் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் சொன்னாள், கறிவேப்பிலை வாங்கணும் என்று சொல்கிற மாதிரி, அதைச் சொல்லிவிட்டுக் கறிவேப்பிலையும் வாங்கணும் என்றாள்.

ஏன் கொடுத்தாள் என்று எனக்குத் தெரியாதா. தெரியும். ஸ்டாஃபாகச் சேர்ந்தவர்களை ஒரு ஞாயிறு மேடையில் குடும்பத்தோடு நிறுத்திக் கை வைத்து ஜெபிப்பார்கள். எனக்குக் குடும்பம் என்றால் அம்மா மட்டும்தான், கல்யாணமும் இல்லை, கூடப் பிறந்ததும் இல்லை. அதற்கு முன்னால் ‘அம்மாவும் ஞானஸ்நானத்துக்குக் கீழ்ப்படிஞ்சுட்டா நல்லா இருக்கும் சிஸ்டர், ஒண்ணும் கட்டாயமில்ல, நீங்க ஜெபிச்சுப் பாருங்க’ என்றார் பாஸ்டர். கட்டாயமில்லை என்று சொல்கிற விஷயம்தான் இந்த உலகத்திலேயே பெரிய கட்டாயம். நான் அதை அம்மாவிடம் சொல்லவே இல்லை, ஆனால் சபையில் ஒரு சுவருக்கும் காது இல்லாமல் இருக்காது, டால்பினுக்குக்கூடக் காது உண்டு, யாரோ சொல்லியிருப்பார்கள். மகளுக்கு வேலையில் குறை வந்துவிடக் கூடாது என்று போய்ப் பெயர் கொடுத்திருக்கிறாள். வேறென்ன. விதி தெரியாமல் கொடுத்தாளா? ஐயர் வந்தபோது காப்பி போட்டவள் அவள்தானே, தெரியாமல் எப்படி இருக்கும். ஒருவேளை சீனியைக் கவனித்ததில் அதைக் கேட்கவில்லையோ. கேட்டிருப்பாள். தெரிந்தேதான் செய்கிறாள் என்றால் எனக்காகச் செய்கிறாள், தெரியாமல் செய்கிறாள் என்றால் நான் அவளை ஏமாற்றுகிறேன், இரண்டில் எது என்று அவளிடமே கேட்டுவிடலாம், கேட்டால் பதில் வந்துவிடும், அதுதான் பயம். காலையிலிருந்து அவள் ஃபோன் மேல் ஃபோன். ‘ஏட்டி, வெள்ளைச் சேலைதான் உடுத்தணுமா, கலர் உடுத்தலாமா?’ வெள்ளை அங்கி அவங்களே தருவாங்கம்மா. ‘தண்ணி கழுத்து மட்டும் நிக்குமா?’ இடுப்பு மட்டும்தாம்மா. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, ‘முங்கும்போது பல்லைக் கழட்டிரணுமா?’ பல்செட்டைச் சொல்கிறாள். நான் இங்கே அவளுடைய கல்லறைக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன், அவள் அங்கே பல்லுக்காகக் கவலைப்படுகிறாள். கழட்டிருங்கம்மா என்றேன். ‘அப்பம் சாட்சி சொல்லும்போது வாய் பொக்கையா இருக்குமே’ என்றாள். சொல்லிட்டுக் கழட்டுங்க என்று கத்திவிட்டேன். ஃபோனை வைத்த பிறகு அழுகை வந்தது, அதுவும் இந்தச் செங்கல் நழுவியதில் நின்றுபோயிற்று.

அப்பாவின் அடக்கம் நன்றாக நடந்தது. அப்படிச் சொல்லலாமா என்று தெரியவில்லை, ஆனால் நன்றாகத்தான் நடந்தது. கோயில் மணி ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி அடித்தது, கடைத்தெருவில் நின்றவர்களெல்லாம் யாருக்கு என்று கேட்டார்கள், கேட்ட உடனே வீட்டுக்குத் தெரியாமல் வேலைகள் நடக்க ஆரம்பித்துவிட்டன. குழி வெட்ட ஒருத்தர் போனார், பெட்டிக்கு ஒருத்தர், பந்தலுக்கு ஒருத்தர், பாடகர் குழுவில் அப்பாவோடு பாடியவர்கள் கறுப்பு கோட்டைத் தட்டிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். நாங்கள் அழுவதைத் தவிர வேறு வேலை இல்லை. அந்தக் கோயில் எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்கிறேனே, அன்றைக்கு எல்லாம் செய்தது. உயிரோடு இருக்கிறவர்களை எப்படி வைத்துக்கொள்வது என்று அங்கே தெரியாது, செத்தவர்களை எப்படி வைத்துக்கொள்வது என்று இங்கே தெரியாது. நாளைக்கு அம்மாவுக்கு ஒன்று என்றால் இங்கே என்ன நடக்கும். சபை வாட்ஸ்அப் குழுவில் செய்தி போடுவேன். கூப்பிய கைகளாக வந்து குவியும். அழும் முகங்கள் வரும். டிரம்ஸ் பையன் உண்மையாகவே அழுவான், நல்ல பிள்ளை, ஆனால் குழி வெட்ட யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. பாஸ்டர் வண்டியிலிருந்து குரல் அனுப்புவார். ஐஸ் பெட்டிக்குள் அம்மாவைப் படுக்க வைத்துவிட்டு நான் ஊர் முழுக்க ஃபோன் போட்டு, ஒரு ஆளைப் படுக்க வைக்க இடம் இருக்கிறதா, இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன், பொது மயானத்துக்குத்தான் போக வேண்டும், அங்கே யார் யாருக்கு நடுவிலோ, எந்த ஓரத்திலோ, ஈஸ்டருக்குப் போனால் அடையாளம் தெரியுமா. அப்பாவின் வலதுபக்கம் மண் சும்மாவே கிடக்கும். அல்லது அதில் வேறு யாரையாவது வைப்பார்கள், அப்பாவுக்குப் பிடிக்காத யாரையாவது. போதும். நான் ஃபோனை எடுத்துப் பாஸ்டரைக் கூப்பிட்டேன்.

‘பிரதர், நாளைக்கு உள்ள லிஸ்ட்ல இருந்து அம்மா பேரை எடுத்துருங்க.’ ஏன், உடம்புக்கு என்ன என்று பதறினார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், கோயில், ஐயர், பெயர், அப்பா, வலதுபக்கம், ஒரே மூச்சில், கொஞ்சம் சத்தமாகவே, நீங்கள் கை தட்டச் சொன்னீர்களே அது உட்பட. அந்தப் பக்கம் ஹாரன் சத்தம் நின்றது. வண்டியை ஓரங்கட்டியிருக்கிறார், இந்த ஒரு மாதத்தில் எனக்காக அவர் வண்டியை நிறுத்தியது இதுதான் முதல் தடவை. ‘இப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியாது சிஸ்டர்’ என்றார். ‘சத்தியமா தெரியாது. எங்க வீட்டுல நான்தான் முதல்ல ரட்சிக்கப்பட்டவன். எங்கப்பாவ ஆத்தங்கரையில எரிச்சோம், சாம்பலைக் கரைச்சோம், அவ்வளவுதான். ஒரு இடத்துல வச்சுட்டு அங்க போயி உக்காருறதெல்லாம் நான் பாத்ததே இல்ல.’ எனக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். அம்மா பெயரை எடுத்துவிடலாமா என்று மறுபடி கேட்டேன். ‘அம்மா ரொம்ப ஆசையா வந்து கேட்டாங்களே சிஸ்டர்’ என்றார், பிறகு கொஞ்சம் யோசித்து, ‘நான் ஜெபிச்சுட்டுச் சொல்றேன்’ என்றார். ஞானஸ்நானமே நாளைக்குக் காலையில பிரதர் என்றேன். ஆமால்ல என்றார்.

சரி, அம்மாவிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்று முடிவு செய்தேன். வேலை போனால் போகட்டும், மேடையில் தனியாக நிற்கிறேன், நிற்க விடவில்லையென்றால் திராட்சைக் குலைப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சொல்வதா, சாப்பிட்ட பிறகா, விளக்கணைத்த பிறகா, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வளைவுக்குக் கீழே குடையை மடக்கிக்கொண்டு அம்மா வருகிறாள். பஸ் பிடித்து வந்திருக்கிறாள். தொட்டியின் ஆழத்தை நேரில் பார்க்காமல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லையாம். லாரிக்காரனைத் தாண்டி, குழாயைத் தாண்டி, ஈரத்தில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கையை விட்டாள். ‘ஜில்லுன்னு இருக்கே’ என்றாள். ‘விடியக்காலம் இன்னும் ஜில்லுன்னு இருக்கும். வென்னி ஒரு வாளி ஊத்தச் சொல்லுவமா?’

‘அம்மா, இதுல இறங்கினா உங்க பேரைக் கோயில்ல எடுத்துருவாங்க’ என்றேன். எல்லாம் யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ‘அப்பா பக்கத்துல உங்கள வைக்க விடமாட்டாங்க. தெரியுமா, தெரியாதா?’

‘தெரியும்’ என்றாள் அம்மா. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். ‘ஐயரு உன்னச் சொல்லும்போது நான் அங்கனதான நின்னேன்.’

‘தெரிஞ்சுமா பேர் கொடுத்தீங்க? எதுக்கும்மா, என் வேலைக்காகவா? யாரு என்ன சொன்னா உங்ககிட்ட? இந்த வேலையை நான் இன்னைக்கே விட்டுருதேன்.’

‘வேலையா? சவத்த விடு, இந்த வேலை இல்லன்னா இன்னொரு வேலை.’ அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே டிரம்ஸ் ஓய்ந்திருந்தது. ‘போன ஈஸ்டருக்கு அங்கன உக்காந்துக்கிட்டே பாத்தேன்ட்டி. உங்கப்பாவுக்கு அந்தப் பக்கம் அவுக அம்மா இருக்கா. தலைமாட்டுல கூடப் பாடுன சாமிதாஸ் சார். கால்மாட்டுல அவுக தம்பி. சுத்தி அம்புட்டும் சொந்தக்காரங்க, பேச்சுத் துணைக்கு ஆளுக்குக் குறைச்சல் இல்ல. நான் இல்லன்னு அவுக ஒண்ணும் தேடப்போறதில்ல.’ குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ‘உனக்கு யாரு இருக்கா?’

எனக்கு என்ன இப்போது, என்னைப் பற்றி எதற்குப் பேச்சு என்றேன்.

‘உன்ன அங்கன போட மாட்டாகல்லா’ என்றாள்.

ஒரு சபையே சாவை மறந்துவிட்டதென்று இத்தனை நாளாக நான் உள்ளுக்குள்ளே கத்திக்கொண்டிருக்கிறேன். ஐயர் என் பெயரை எடுத்த அன்றைக்கு எடுத்தா எடுத்துக்கிடுங்க என்று சிரித்தேனே, நானும் ஒருநாள் சாவேன் என்று ஒரு நிமிஷம்கூட நினைத்ததில்லை. அம்மா அன்றைக்கே நினைத்திருக்கிறாள், சீனி போதுமா என்று கேட்டுக்கொண்டே நினைத்திருக்கிறாள், அதற்குப் பிறகு அந்தக் காற்று வருகிற இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தபோதெல்லாம் என்னைத்தான் நினைத்திருக்கிறாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, இருந்த மண்ணையும் விட்டுவிட்டு வந்து நிற்கிற ஒருத்தி, தெரியாத ஆட்களுக்கு நடுவில், எங்கேயோ ஒரு ஓரத்தில். ‘இவங்களுக்கு இடமே கிடையாதும்மா’ என்று மட்டும் சொன்னேன். ‘கேட்டாச்சு. எங்கயும் கிடையாது.’

‘இல்லன்னா வாங்கிப் போடச் சொல்லு. ஆளு ஒண்ணு போனா இடம் தன்னால வந்துரும்.’ அம்மா எட்டி என் நனைந்த முந்தானையைப் பிழிந்துவிட்டாள். ‘அது எந்தக் காடாத்தான் இருக்கட்டும், மொதல்ல நான் போய்க் கெடக்கேன். பொறவு நீ பைய வா. அவசரமில்ல.’